ஒரு பொருள், நான்கு படிகள்: கேட்போர் அளவறிந்து அருளிச்செய்த ஆசார்யர்கள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சாஸ்த்ர க்ரந்தம் ஒன்றைத் தொடங்குமிடத்தில் அதிகாரி, விஷயம், ஸம்பந்தம், ப்ரயோஜனம் என்னும் நான்கையும் தெளிவுபடுத்த வேண்டும் என்பது பெரியோர் வகுத்த முறை. இவற்றை அநுபந்த சதுஷ்டயம் என்பர். இந்நான்கில் விஷயத்தையும் ப்ரயோஜனத்தையும் பற்றி நாம் விரிவாகப் பேசுகிறோம். அதிகாரியைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் ‘இன்னாருக்கு இது தகும், இன்னாருக்குத் தகாது’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதிகாரி விசாரத்துக்கு மற்றொரு முகம் உண்டு. எதிரே இருப்பவர் யார், அவர் எதை அறிந்திருக்கிறார், எதற்கு அஞ்சுகிறார், எந்தச் சொல் அவர் நெஞ்சில் இறங்கும் என்று சொல்லுகிறவன் தன்னையே கேட்டுக்கொள்ளும் முகம் அது. முதல் முகம் கேட்பவனைச் சோதிப்பது. இரண்டாம் முகம் சொல்பவனைச் சோதிப்பது. நம் பூர்வாசார்யர்கள் இந்த இரண்டாம் சோதனையில் எவ்வாறு தேறினார்கள் என்பதைப் பிள்ளை லோகாசார்யரின் ரஹஸ்ய க்ரந்தங்களை முன்னிட்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிம்சுபா வ்ருக்ஷத்தின் மேல் ஓர் ஆலோசனை

இவ்விஷயத்தில் நமக்கு முதல் ஆசார்யன் திருவடியே. ஸுந்தர காண்டத்தில், அசோக வனத்தில் பிராட்டியைக் கண்ட பிறகு, திருவடி உடனே பேசிவிடவில்லை. மரக்கிளையில் மறைந்திருந்து நெடும்பொழுது ஆலோசிக்கிறான். வால்மீகி பகவான் இந்த ஆலோசனைக்கென்றே ஒரு ஸர்க்கத்தை ஒதுக்கியிருக்கிறார்.

அவன் முன்னே இரண்டு ஆபத்துகள் நிற்கின்றன. பேசாமல் திரும்பினால், பிராட்டி உயிர் துறந்துவிடக்கூடும். பெருமாள் ‘ஸீதை என்ன சொன்னாள்’ என்று கேட்டால் விடை இராது. பேசினாலோ, பிராட்டி அஞ்சிக் கூவக்கூடும், ராக்ஷஸிகள் விழித்து ஆயுதம் எடுப்பர், போர் மூளும், களைத்த நிலையில் கடலை மீண்டும் கடக்க இயலாமல் போகலாம். ஆகவே பேசுவதா வேண்டாவா என்ற கேள்வி, எப்படிப் பேசுவது என்ற கேள்வியாக மாறுகிறது. தன்னைப் பண்டிதனாக எண்ணிக்கொள்ளும் தூதர்களே காரியத்தைக் கெடுக்கிறார்கள் என்ற எச்சரிக்கையும் அவன் நெஞ்சில் எழுகிறது.

முதலில் அவன் தீர்மானிப்பது மொழியை. கற்றறிந்த அந்தணன் பேசும் ஸம்ஸ்க்ருதத்தில் பேசினால், பிராட்டி தன்னை ராவணன் என்றே எண்ணி அஞ்சுவாள் என்று கருதி, மநுஷ்யர் பேச்சில் பேசத் துணிகிறான். இவ்விடத்துக்கு வ்யாக்யானம் செய்த கோவிந்தராஜர், அதைக் கோஸல தேசத்து மக்களின் பேச்சு என்று கொள்கிறார். ஆழ்ந்து நோக்கினால் இது மிகப் பெரிய விஷயம். நவ வ்யாகரண பண்டிதன் என்று புகழப்படுபவன், கிஷ்கிந்தையில் முதற்பேச்சிலேயே பெருமாளால் கொண்டாடப்பட்ட வாக்கை உடையவன், தனக்கு மிகவும் பெருமை தரும் மொழியை இங்கே விலக்குகிறான். அம்மொழியில் குறை இருந்ததால் அன்று. கேட்பவளுடைய அச்சத்தோடு அம்மொழி பிணைந்துவிட்டது என்பதால்.

அடுத்து அவன் தீர்மானிப்பது வரிசையை. உருவத்தைக் காட்டாமல், காதில் மட்டும் விழும்படி, தசரத சக்ரவர்த்தியின் சரிதத்திலிருந்து தொடங்கிப் பெருமாளின் வ்ருத்தாந்தத்தை இனிய குரலில் சொல்கிறான். பிறகு கீழிறங்கி வணங்குகிறான். அவன் அருகில் நெருங்க நெருங்கப் பிராட்டிக்கு மீண்டும் ஐயம் எழுகிறது. அவள் கேட்டபடி பெருமாளின் திருமேனி அடையாளங்களை விரித்துரைக்கிறான். வானரர்க்கும் மநுஷ்யர்க்கும் நட்பு எவ்வாறு உண்டாயிற்று என்பதையும் விளக்குகிறான். அதன் பிறகே திருவாழி மோதிரம் வெளிவருகிறது. மோதிரம் தொடக்கம் முதலே அவனிடம் இருந்தது. மாயையிலே சிக்கித் துன்புற்றவளுக்கு மோதிரமும் மாயையாகத் தோன்றலாம். நம்பிக்கை பிறந்த பின்பே அடையாளம் அடையாளமாகும் என்று இவ்வரிசைக்குக் கருத்துக் கொள்ளலாம்.

இதே திருவடி ராவணன் ஸபையில் வேறு விதமாகப் பேசுகிறான். அங்கே தன்னை ஸுக்ரீவனின் தூதனாக முன்னிறுத்துகிறான். ஸுக்ரீவன் உடன்பிறந்தார் முறையில் நலம் விசாரித்ததாகத் தொடங்கி, அரசனுக்கு ஏற்ற அறமும் நீதியும் கலந்த ஹிதத்தைக் கூறுகிறான். அசோக வனத்தில் சொன்ன இனிய சரிதம் அந்த ஸபையில் எடுபடாது. ஸபையில் சொன்ன நீதி அசோக வனத்தில் அச்சத்தையே விளைத்திருக்கும். பெருமாளின் பெருமை என்னும் பொருள் இரண்டிடத்திலும் ஒன்றே.

ஒருவரே நான்கு முறை எழுதியது ஏன்?

இனி ப்ரக்ருத விஷயத்துக்கு வருவோம். வடக்குத் திருவீதிப் பிள்ளையின் திருக்குமாரரான பிள்ளை லோகாசார்யர் அருளிச்செய்த அஷ்டாதச ரஹஸ்யங்களில், திருமந்த்ரம், த்வயம், சரம ச்லோகம் என்னும் ரஹஸ்ய த்ரயத்தின் அர்த்தத்தை விளக்குவனவாக நான்கு நூல்கள் உள்ளன. யாத்ருச்சிகப்படி, பரந்தபடி, ஸ்ரிய:பதிப்படி, முமுக்ஷுப்படி என்பன அவை. ஸ்ரிய:பதிப்படியும் முமுக்ஷுப்படியும் தத்தம் தொடக்கச் சொல்லால் பெயர் பெற்றவை.

இங்கு எவருக்கும் ஒரு கேள்வி எழும். பொருள் மூன்று ரஹஸ்யங்களே. ஆசார்யரும் ஒருவரே. ஒருமுறை எழுதியது போதாதோ? நூலுக்கு நூல் கருத்து மாறியிருந்தால் மறுபடி எழுதியதற்குக் காரணம் சொல்லலாம். கருத்து மாறவில்லை. அப்படியிருக்க நான்கு ஏன்?

முமுக்ஷுப்படிக்கு வ்யாக்யானம் அருளிய ஸ்வாமி மணவாள மாமுனிகள், நூலின் அவதாரிகையிலேயே இதற்கு விடை அருளியிருக்கிறார். அதன் ஸாரம் இது. யாத்ருச்சிகப்படி மிகவும் சுருங்கியது. பரந்தபடி மிகவும் விரிந்தது. ஸ்ரிய:பதிப்படி இவ்விரண்டு குறைகளும் இல்லாமல் நடுவாக அமைந்தது. ஆயினும் ஸம்ஸ்க்ருத வாக்யங்கள் மிகுந்திருப்பதால், அம்மொழிப் பயிற்சி இல்லாத பெண்கள் முதலானோர்க்கு எட்டாது. அந்த மூன்று குறைகளும் தீர, அளவில் மிகாமலும் குறையாமலும், எல்லாரும் கற்கும்படியாகவும் முமுக்ஷுப்படி அவதரித்தது.

இந்த அவதாரிகையை நாம் காலக்ஷேபத்தில் விரைந்து கடந்துவிடுகிறோம். சற்றே நின்று பார்த்தால் மூன்று விஷயங்கள் தெளிவாகும்.

முதலாவது, ‘குறை’ என்று இங்கே சொல்லப்படுவது நூலின் குறை அன்று. பரந்தபடி விரிவாக இருப்பது, விரிவை வேண்டுபவனுக்குக் குணம். ஸ்ரிய:பதிப்படியில் ப்ரமாண வாக்யங்கள் நிறைந்திருப்பது, ப்ரமாணத்தை எதிர்பார்க்கும் வித்வானுக்குக் குணம். கற்கும் ஒருவரை எதிரே நிறுத்திப் பார்க்கும்போதே ஒன்று மிகையாகவும் மற்றொன்று குறைவாகவும் தோன்றுகிறது. நூலின் அளவு கற்பவரைக் கொண்டே அளக்கப்படுகிறது.

இரண்டாவது, ஆசார்யர் முந்தைய மூன்றையும் மறைத்துவிடவில்லை. நான்கும் இன்றளவும் நம் கைகளில் உள்ளன. புதிய அதிகாரிக்காகப் புதிய நூல் எழுந்ததால், பழைய அதிகாரிக்கான நூல் பயனற்றுப் போகவில்லை.

மூன்றாவது, எளிமையாக்கியபோது ஆழம் குறைக்கப்படவில்லை. முமுக்ஷுப்படி சிறு சிறு ஸூத்ரங்களால் ஆனது. வாய்க்கு எளியது, நெஞ்சில் நிற்பது; ஆயினும் அதற்கு மாமுனிகளின் வ்யாக்யானம் வேண்டியிருக்கிறது. எளிய நூல் என்றால் மேலோட்டமான நூல் என்று நினைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். உகாரத்தின் பொருளான அநந்யார்ஹத்வத்தை விளக்குமிடத்தில், தேவர்களுக்கென்று வைத்த புரோடாசத்தை நாய்க்கு இடுவதுபோல் என்ற த்ருஷ்டாந்தம் ஆளப்படுகிறது. பூர்வ மீமாம்ஸை அறிந்தவன் அதில் சேஷ சேஷி பாவத்தின் நுட்பத்தைக் காண்பான். அதை அறியாதவளும், தளிகை செய்து பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணும் தன் வீட்டு அனுபவத்தைக் கொண்டே அதன் கொடுமையை உணர்வாள். ஒரு வாக்யம் இருவர்க்கும் பயன்படுகிறது, இருவரையும் ஏமாற்றவில்லை.

பிள்ளை லோகாசார்யரின் காலத்தையும் நினைக்கவேண்டும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வெளியேறி, ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டை அலங்கரித்தவர் அவர். அர்த்தங்கள் அழிந்துவிடலாகாதே என்ற கவலை அவருக்கு ஏட்டுக் கவலையாக இருந்திருக்க முடியாது. வித்வான்கள் சிலர் நெஞ்சில் மட்டுமே இருக்கும் அர்த்தம், அச்சிலர் சிதறினால் சிதறிப்போகும். ஊரார் பலர் நாவில் இருக்கும் அர்த்தம் பிழைத்திருக்கும்.

பாஷ்யகாரர் காட்டிய வழி

இம்முறை பிள்ளை லோகாசார்யருக்கு முன்பே உள்ளது. எம்பெருமானார் (1017–1137) ப்ரஹ்ம ஸூத்ரங்களுக்கு ஸ்ரீபாஷ்யம், வேதாந்த தீபம், வேதாந்த ஸாரம் என மூன்று அளவுகளில் உரை அருளினார். பூர்வபக்ஷங்களை விரிவாக எடுத்து மறுக்கும் நூல் ஸ்ரீபாஷ்யம். ஸித்தாந்தத்தை நடுவான அளவில் தொகுப்பது தீபம். ஸூத்ரத்தின் பொருளை மட்டும் சுருங்கக் காட்டுவது ஸாரம்.

மொழியளவில் மட்டுமன்றி, ப்ரமாணத் தேர்விலும் அதிகாரி பேதம் தெரிகிறது. ஸ்ரீபாஷ்யத்தில் ஆழ்வார்களின் அருளிச்செயல் மேற்கோளாக வருவதில்லை. ஆழ்வார்களிடம் பாஷ்யகாரர்க்கு இருந்த ஈடுபாட்டை அறியாதவர் எவருமிலர்; அருளிச்செயலைக் கொண்டே ஸூத்ரங்களை ஒருங்கவிட்டார் என்பது நம் பெரியோர் வார்த்தை. ஆயினும் வாதத்தில் எதிரே நிற்பவன் ஒப்புக்கொள்ளும் ப்ரமாணத்தைக் கொண்டே அவனோடு பேசவேண்டும். அவன் ஏற்பது ச்ருதியையும் ஸ்ம்ருதியையும். எனவே பேச்சு அங்கிருந்தே நடக்கிறது. அதே ஆசார்யர், பங்குனி உத்தரத்தன்று பெரிய பிராட்டியாரோடு கூடிய நம்பெருமாள் திருமுன்பே சரணாகதி கத்யத்தை விண்ணப்பம் செய்தபோது, கண்டனமும் இல்லை, பூர்வபக்ஷமும் இல்லை. அங்கே கேட்பவன் ஸர்வஜ்ஞன். அவனுக்கு நிரூபிக்க வேண்டியது ஒன்றுமில்லை. அவன் திருவடியில் விழவேண்டியதே உள்ளது.

ஸ்வாமி தேசிகனும் சததூஷணியை ஸம்ஸ்க்ருதத்தில் அருளினார். ரஹஸ்ய த்ரய ஸாரத்தை மணிப்ரவாளத்தில் அருளினார். தமிழில் ப்ரபந்தங்களையும், திருவஹீந்த்ரபுரத்துத் தேவநாயகனைக் குறித்து ப்ராக்ருதத்தில் அச்யுத சதகத்தையும் அருளினார். மொழிப் புலமையைக் காட்டுவதற்கு என்று மட்டும் இதைக் கொள்வது பொருந்தாது.

சொல்லும் ஏடும்

கேட்பவர் மாறுவதைப் போலவே, சொல் சென்று சேரும் வழி மாறுவதும் ஆராயத்தக்கது. எதிரே அமர்ந்து கேட்பவருக்குச் சொல்வது வேறு. ஏட்டில் எழுதி அறியாத ஒருவர் கையில் சேர்ப்பது வேறு. திருவாய்மொழி வ்யாக்யானங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

எம்பெருமானாரின் நியமனத்தால் திருக்குருகைப் பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படியே முதலில் எழுந்தது. 32 எழுத்துக் கொண்ட க்ரந்தக் கணக்கில் அது ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் அளவு என்பர். அதன் நடை ஸம்ஸ்க்ருதத் தொடர்கள் செறிந்தது. வேதாந்தம் கற்றவன் திருவாய்மொழியில் தனக்குப் பழகிய தத்துவத்தையே காணும்படி அது அமைந்திருக்கிறது. பட்டர் நியமனத்தால் நஞ்சீயர் ஒன்பதினாயிரப்படியை அருளினார். அதைப் படியெடுக்கப் பெற்றுச் சென்ற நம்பூர் வரதராஜர், காவிரி வெள்ளத்தில் ஏட்டை இழந்து, நினைவிலிருந்தே மறுபடி எழுதினார். எழுதும்போது தமக்குத் தோன்றிய தமிழ் நயங்களையும் ஆங்காங்கே சேர்த்தார். நஞ்சீயர் கண்டு சினவாமல் உகந்து, ‘நம்பிள்ளை’ என்று அழைத்தார் என்பது குருபரம்பரை காட்டும் வ்ருத்தாந்தம். மூலத்தின் திருவுள்ளத்துக்கு முரணாகாத வளர்ச்சி, குற்றமாகக் கொள்ளப்படவில்லை.

அந்த நம்பிள்ளையின் காலக்ஷேப கோஷ்டியில் பிறந்தவை இரண்டு பெரிய வ்யாக்யானங்கள். ஒன்று, அவர் நியமனத்தால் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய இருபத்துநாலாயிரப்படி. மற்றொன்று, பகலில் கேட்டதை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஈட்டைப் படிப்பவர்க்கு அதில் பேச்சின் மணம் தெரியும். இடையிடையே ஐதிஹ்யங்கள் வருகின்றன. ஒருவர் கேட்டதும் மற்றொருவர் விடையளித்ததும் அப்படியே பதிவாகியிருக்கின்றன.

எழுதியதைக் கண்ட நம்பிள்ளை அதன் அருமையை உகந்தார்; ஆயினும் அனுமதியின்றி எழுதியதென்று தாமே வாங்கி வைத்துக்கொண்டார். பின்னர் ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் அளித்தார். அது சில தலைமுறைகள் ஒருவர்க்கொருவராகவே வந்தது. இதை வெறும் ரஹஸ்ய நோக்கு என்று மட்டும் கொள்ளாமல், ஏட்டின் இயல்பையும் கருதிப் பார்க்கலாம். கோஷ்டியில் சொல்பவர் கேட்போரின் முகத்தைப் பார்க்கிறார். புருவம் சுருங்கினால் மறுபடி விளக்குகிறார். ஏடோ முகம் பார்ப்பதில்லை. கேள்வி கேட்டாலும் முன்பு சொன்னதையே மறுபடி சொல்லும். பின்பு ஸ்வாமி மணவாள மாமுனிகள், நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு காலம் ஈட்டைக் காலக்ஷேபம் ஸாதித்து, ஆனித் திருமூலத்தன்று சாற்றி முடித்தார். ஏட்டிலிருந்த பேச்சு மீண்டும் பேச்சாயிற்று.

இவ்வரிசையில் வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படியைத் தனியாகச் சொல்லவேண்டும். மற்ற வ்யாக்யானங்கள் பாசுரத்தின் கருத்தையும் ரஸத்தையும் விரித்துச் செல்ல, இதுவோ பதம் பதமாகப் பொருள் கூறுகிறது. இவர் பூர்வாச்ரமத்தில் பெரியவாச்சான் பிள்ளையின் திருமாளிகையில் தளிகைக் கைங்கர்யம் செய்தவர், எழுத்தறியாதவர். வித்வான்கள் கூடிப் பேசுவதைக் கண்டு என்ன க்ரந்தம் என்று கேட்க, ‘முஸலகிஸலயம்’ என்று, உலக்கைத் தளிர் என்னும் இல்லாத நூலைச் சொல்லி நகைத்தார்கள். அவர் வருந்தித் தம் ஆசார்யரை அடிபணிய, பிள்ளை அவரைக் கற்பித்து மஹாவித்வானாக்கினார். பின்னாளில் அப்பெயராலேயே ஒரு நூல் இயற்றி அந்நகைப்புக்கு விடையளித்தார் என்பது ஸம்ப்ரதாய ப்ரஸித்தி. ஒரு பதம் புரியாமல் வாசலில் நிற்பது எப்படிப்பட்டது என்று அறிந்தவரே பதவுரையை எழுதினார் என்பது அடியேனுக்கு எப்பொழுதும் தற்செயலாகத் தோன்றுவதில்லை.

அடியேன் தவறிய இடம்

பிறர் நூலைக் கொண்டே பேசிக்கொண்டிருப்பது ந்யாயமன்று. அடியேன் தவறியதையும் விண்ணப்பிக்கிறேன்.

முப்பத்தைந்து வயது இருக்கலாம். தகப்பனாரிடம் வீட்டுத் திண்ணையிலேயே க்ரந்தங்களைக் கற்று முடித்து, தனியாக வெளியூர் செல்லத் தொடங்கியிருந்த காலம். காவிரிக் கரையில் ஓர் அக்ரஹாரத்தில் பத்து நாள் முமுக்ஷுப்படி சொல்ல அழைத்திருந்தார்கள். கோஷ்டியில் இருந்தவர்கள் பெரும்பாலும் வயது முதிர்ந்த அம்மங்கார்கள். அடியேன் ப்ரணவத்தில் அகாரத்தின் மேல் ஏறிக்கழிந்த நான்காம் வேற்றுமையை எடுத்துக்கொண்டு, வ்யாகரண ஸூத்ரங்களையும் மாற்றுக் கருத்துகளையும் அடுக்கி, இரண்டு நாள் முழுவதும் அதிலேயே நின்றேன். பேசி முடிந்ததும் உள்ளூர வித்யா கர்வம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்றாம் நாள் கோஷ்டி கலையும்போது ஓர் அம்மங்கார் தூணோரம் நின்றார். அவ்வாண்டுதான் ஒரே பிள்ளையை இழந்தவர் என்று பின்னர் அறிந்தேன். “ஸ்வாமி, மூணு நாளா கேட்கறேன். ஒண்ணே ஒண்ணு தெரியணும். அடியேன் அவனுக்கு வேணுமா, வேண்டாமா?” என்றார். அடியேன், சேஷத்வம் ஆத்மாவுக்கு ஸ்வரூப நிரூபக தர்மம் என்று தொடங்கி விடை சொன்னேன். அவர் ஸேவித்துவிட்டுச் சென்றார். நான்காம் நாள் வரவில்லை. அதன் பின்னும் வரவில்லை.

ஊர் திரும்பித் தகப்பனாரிடம் சொன்னபோது, அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “நாலாம் வேற்றுமைக்குப் பொருள் என்னடா? ‘யாருக்கு’ என்பதுதானே? அதை ரெண்டு நாள் சொன்ன நீ, யாருக்குச் சொல்றோம்னு ஒருதரம் பார்த்தாயோ?” என்றார்.

விடை நம் க்ரந்தத்திலேயே இருந்தது. பிள்ளை லோகாசார்யர் நவவித ஸம்பந்தத்தில், எம்பெருமானுக்கும் ஆத்மாவுக்கும் உள்ள உறவைத் தந்தை–மகன், காப்பவன்–காக்கப்படுபவன், உடையவன்–உடைமை என்று ஒன்பது வகையாகக் காட்டியிருக்கிறார். சேஷி–சேஷம் என்பதும் அவற்றுள் ஒன்று. ஒரே உறவை ஒன்பது வாசல் வழியாகக் காட்டியிருக்க, அடியேன் எனக்குப் பழகிய வாசலிலேயே நின்று, அவர் தம் வாசலில் தட்டியதைக் கேட்கவில்லை. ‘அம்மா, கிணற்றில் செம்பு விழுந்துவிட்டால், பாதாளக் கரண்டியைக் கட்டித் தேடுவது யார்? செம்பா, செம்புக்கு உடையவரா? நாம் அவன் உடைமை. நம்மை இழந்தால் இழவு அவனுடையது’ என்று சொல்லியிருக்கலாம். இதில் ஸித்தாந்தத்துக்கு ஓர் எள்ளளவும் குறைவில்லை. நான்காம் வேற்றுமை சொல்வதும் இதுவே: ஆத்மா அவனுக்கு. அடுத்த ஆண்டு அவ்வூருக்கு மறுபடி சென்றபோது விசாரித்தேன். மார்கழியிலேயே ஆசார்யன் திருவடி அடைந்துவிட்டார் என்றார்கள். அந்த விடை இன்னும் அடியேனிடமே இருக்கிறது.

மாறலாமவையும் மாறலாகாதவையும்

இதிலிருந்து, கேட்பவர் விரும்புவதையே சொல்லவேண்டும் என்று எவரேனும் முடிவு கட்டினால், அது தவறு. அந்த அம்மங்காரிடம் ‘இழந்த பிள்ளை உமக்கே மறுபடி பேரனாகப் பிறப்பான்’ என்று சொல்லியிருந்தால் அவர் அப்பொழுது மகிழ்ந்திருப்பார். அது ரஹஸ்யத்தின் பொருள் ஆகாது, வஞ்சனையே ஆகும். ப்ரியம் வேறு, ஹிதம் வேறு. ஹிதத்தை ப்ரியமாகும்படி சொல்வதே ஆசார்யர்களின் திறம். ப்ரியத்தையே ஹிதம் என்று விற்பது அன்று.

முன்சொன்ன உதாரணங்களைத் தொகுத்துப் பார்த்தால், மாறியவை எவை என்பது தெரியும். மொழி மாறியது, அளவு மாறியது, எடுத்துக்கொண்ட ப்ரமாணம் மாறியது, த்ருஷ்டாந்தம் மாறியது, எதை முன் சொல்லி எதைப் பின் சொல்வது என்ற வரிசை மாறியது. மாறாதவை அர்த்தத்தைச் சேர்ந்தவை. ஆத்மா அவனுக்கே உரியது என்பதும், அவனே உபாயம் என்பதும், சொல்பவன் தன் ஆசார்யனிடம் கேட்டதையே சொல்கிறான் என்பதும் நான்கு படிகளிலும் ஒன்றே. நான்கில் ஒன்றைப் படித்தவன் மற்றொன்றைப் படிக்கும்போது, ‘முன்பு எனக்கு வேறு சொன்னார்களே’ என்று திகைக்க மாட்டான். ‘அன்று கேட்டதே இன்று விரிந்தது’ என்றே உணர்வான். எளிமைப்படுத்தியது சரியா, சிதைத்ததா என்று அறிய இதைவிட நல்ல உரைகல் அடியேனுக்குத் தெரியாது.

அதிகாரியை அளக்கும் கோல் எது என்பதிலும் நம் தர்சனம் தெளிவாக இருக்கிறது. முன்னோர் ஓராண் வழியாக உபதேசித்து வந்ததை, ஆசையுடையார் அனைவருக்கும் என்று எம்பெருமானார் வரம்பைத் திறந்தார் என்று மாமுனிகள் உபதேச ரத்தின மாலையில் காட்டுகிறார். வரம்பு முழுதும் நீங்கிவிடவில்லை. ஆசை என்ற ஒன்று நின்றது. குலமும் கல்வியும் அளவுகோலாகாமல் ஆசையே அளவுகோலாயிற்று. அப்படியானால் கேட்பவரிடம் இருக்கவேண்டியது ஆசை; அந்த ஆசைக்கு எட்டும்படி சொல்லவேண்டியது நம் பொறுப்பு. எட்டாமற்போனால் ‘அதிகாரம் போதவில்லை’ என்று கேட்டவர்மேல் பழியைச் சுமத்த இடமில்லை.

முகம் காணாத கோஷ்டி

இக்காலத்தில் இக்கேள்வி வேறு உருவில் நம் திண்ணைக்கு வந்திருக்கிறது. வெளிதேசத்தில் வாழும் பேரன், த்வயத்தின் அர்த்தத்தைப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் கைபேசியில் பதிவு செய்து அனுப்பும்படி கேட்டான். ஓராண்டு கேட்கவேண்டியதைப் பன்னிரண்டு நிமிஷத்தில் கேட்கிறானே என்று முதலில் வெகுண்டேன். பிறகு யாத்ருச்சிகப்படியை நினைத்தேன். மிகச் சுருங்கிய நூலையும் ஆசார்யர் அருளித்தானே இருக்கிறார்!

ஆயினும் பதிவுக்கு ஏட்டின் இயல்பும் உண்டு, பேச்சின் இயல்பும் உண்டு. குரல் கேட்கும், முகம் காணாது. எனவே சில நியமங்களை வைத்துக்கொண்டேன். ரஹஸ்யத்தின் பத விசாரத்தை நேரே அமர்ந்து கேட்பவர்க்கென்று நிறுத்திக்கொண்டு, சரணம் புகுதல் என்ற பொருளை மட்டும், விபீஷணாழ்வான் கடற்கரையில் வந்து நின்ற வ்ருத்தாந்தத்தைக் கொண்டு சொன்னேன். கேட்பவன் இடைமறித்துக் கேட்க முடியாது. ஆதலால் அவனுக்கு எழக்கூடிய ஐயத்தை அடியேனே எழுப்பி, அடியேனே விடை சொன்னேன். நம் வ்யாக்யானங்களில் பாசுரத்துக்குப் பாசுரம் அவதாரிகை செய்யும் காரியம் இதுவே. ஒரு பதிவில் ஒரு பொருளுக்குமேல் எடுக்கவில்லை. முடிவில், இது வாசல் மட்டுமே, உள்ளே புக ஆசார்யனை அடையவேண்டும் என்று சொல்லி நிறுத்தினேன்.

பேரன் கேட்டுவிட்டு, “தாத்தா, விபீஷணனை மத்தவாள்லாம் வேண்டாம்னு சொன்னப்போ ராமன் ஏன் கேட்கலை?” என்று ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறான். அதற்கு விடை பன்னிரண்டு நிமிஷத்தில் அடங்காது. விடுமுறைக்கு வருகிறேன், திண்ணையில் அமர்ந்து கேட்கிறேன் என்கிறான். யாத்ருச்சிகப்படி பரந்தபடிக்கு வழிவிட்டிருக்கிறது என்று எண்ணி மகிழ்கிறேன்.

இக்கட்டுரையில் பிழை காணும் பெரியோர் க்ஷமித்துத் திருத்தியருள ப்ரார்த்திக்கிறேன். குணம் ஏதேனும் இருப்பின் அது அடியேனுக்குத் திண்ணையில் சொன்னவர்களுடையது.

அடியேன்.